வண்டி கடிக்குது

என் காரின் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்த நாட்களில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பச்சை விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு ஒரு மனிதர் சாகப் பார்த்தார். இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை.

அது பிளக்-இன் ஹைப்ரிட் வண்டி. பெட்ரோலும் போடலாம், சுவரில் செருகிச் சார்ஜும் ஏற்றலாம். எங்கள் மருத்துவமனையில் இருந்த ஒரு டாக்டர் வெளிநாட்டுக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனார். நான் அங்கே ஈ.சி.ஜி. எடுக்கிறவள். மும்பையில் வீடு செம்பூரில், வேலை முலுண்டில். தாராவியில் ஒற்றை அறையில் வளர்ந்து, வேலை கிடைத்த நாளிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டே போய் வந்தவளுக்கு, கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காத ஒரு வண்டி. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை பெட்ரோல் தேவைப்படாது. வண்டி என் பேரில் இருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

வாங்கியது நல்ல மழைக்காலத்தில். எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கீழே பார்க்கிங் தூணுக்கு ஒரு வயர் இழுத்து, பூட்டுகிற மாதிரி ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் சாக்கெட் வைத்தோம். சார்ஜரும் அதற்குள்ளேயே தொங்கும். அதிலிருந்து தனியாகக் கழற்றக்கூடிய கேபிள் மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே வந்து வண்டிக்குப் போகும். மழை பெய்த மாதங்களில் ஒரு குறையும் இல்லை. தீபாவளி கழிந்து தரை காய ஆரம்பித்ததும் சார்ஜர் விளக்கு அவ்வப்போது சிவந்தது. பிடுங்கி மறுபடி செருகினால் பச்சைக்குத் திரும்பும். ஹோலி வருவதற்குள் அந்தத் தயவும் போய்விட்டது. எத்தனை முறை செருகினாலும் சிவப்பு. காலையில் வந்து பார்த்தால் பேட்டரி முந்தின நாள் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். நான் ஓட்டிக்கொண்டு போனேன், என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அங்கே இருந்த இளைஞன் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன பிராப்ளம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் சொன்னேன். அவன் அவருக்குப் பதில் சொன்னான். சின்ன பேட்டரி பழசாகிவிட்டதாம். மாற்றினான். சிவப்பு. சாஃப்ட்வேர் பழசாம். அதையும் புதுப்பித்தான். சிவப்பு. மூன்றாவது முறை போனபோது பெரிய பேட்டரியையே சந்தேகப்படுவதாகச் சொல்லிவிட்டு, ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினான். "சார், இது ஹைப்ரிட்தானே? எதுக்கு சார்ஜ் பண்றீங்க? பேசாம பெட்ரோல்ல ஓட்டுங்க." குடை ஒழுகுகிறது என்று கொண்டுபோனால் மழையில் போகாதே என்று சொல்கிற ரகம். என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். குடி இல்லை, அடி இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் இதைச் சாதனையாகச் சொல்வார்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு சொல்: அட்ஜஸ்ட். குழாயில் தண்ணீர் வரவில்லையா, அட்ஜஸ்ட். பக்கத்து வீட்டுக்காரன் நம் வாசலில் செருப்பு அலமாரி வைத்தானா, அட்ஜஸ்ட்.

"வண்டி ஓடுது இல்லா? பெட்ரோலப் போட்டு ஓட்டு. எதுக்கு இப்படி ஒவ்வொருத்தங்கிட்டயா சண்டைக்கு நிக்க?" என்றார்.

"வண்டி கெட்டுப்போகலைங்க. ஆஸ்பத்திரியில செருகினா பச்சை எரியுது. நம்ம பில்டிங்குல எர்த் இல்லைன்னு அது சொல்லுது. நான் சொல்லுதது ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டேங்குதே."

ஆமாம், மருத்துவமனைக் காவலாளியிடம் அனுமதி வாங்கி, அங்கே பார்க்கிங் சாக்கெட்டில் செருகிப் பார்த்திருந்தேன். செருகிய உடனே பச்சை. அப்புறம் என்ன சந்தேகம்? எனக்கு எர்த் என்றால் என்ன என்று தெரியும். ஈ.சி.ஜி. மிஷினுக்கு எர்த் சரியில்லை என்றால், நோயாளியின் இதயம் வரைகிற கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்து வரும். வேண்டாத கரண்ட்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற வழிதான் எர்த். அந்த வழி அடைத்துக்கொண்டால் கரண்ட் வேறு வழி தேடும், நம் உடம்பு வழியாகக்கூட. இந்தச் சார்ஜர் தினமும் முதல் வேலையாக அந்த வழி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை என்றால் சிவப்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கட்டிடத்திலேயே நேர்மையான பிறவி அது ஒன்றுதான்.

ஏனென்றால் மற்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் முன்பே தெரியும். எங்கள் லிஃப்ட் பழைய மாதிரி, இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. கோடையில் அந்தக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இருக்கும். அதற்காக லிஃப்டுக்குள் ஒரு மரக் கரண்டி தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி தன் சமையலறையிலிருந்து கொண்டுவந்து, நூல் கட்டி மாட்டியது. கரண்டியைக் கம்பிக்குள் கொடுத்துக் கதவை இழுக்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரம், குப்பை எடுக்கும் நேரம் இவற்றோடு இதையும் சொல்லிக்கொடுப்பார்கள். சின்னக் குழந்தைகள்கூட எக்கி அந்தக் கரண்டியைத்தான் எடுக்கும். இரும்பில் கரண்ட் வருகிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம் என்று ஒரு ஆள்? கிடையாது. கரண்டி தேய்ந்தபோது புதுக் கரண்டி மாட்டினார்கள்.

ஒரு நாள் ஷிஃப்டு முடிந்து வந்தால் சார்ஜரில் பச்சை விளக்கு.

"பாத்தியா? ஒரு எலக்ட்ரீஷியன் வந்தான், சரியாப் போச்சு. நீ இத்தன நாளும் குதிச்சுக்கிட்டுக் கிடந்த," என்றார் என் கணவர். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"என்ன செஞ்சான்?"

"ஏதோ லூஸ் கனெக்ஷனாம். டைட் பண்ணிட்டுப் போயிட்டான்."

அந்த எலக்ட்ரீஷியனை எனக்குத் தெரியும். எங்கள் சொசைட்டியின், அதாவது குடியிருப்போர் சங்கத்தின், ஆஸ்தான ஆள். எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா" என்பான், ஆகிவிடும் என்று. முன்பு ஒருமுறை நான் எர்த் பற்றிக் கேட்டபோது, என்னிடம் பேசாமல் என் கணவரிடம் திரும்பி, மேடத்துக்கு இதெல்லாம் புரியாது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தவன். இவன் தொட்டதாலா சரியாகிவிட்டது என்று மனதில் இடித்தது. ஆனால் பச்சை எரிந்தது, பேட்டரி நிறைந்தது, வண்டி சத்தமில்லாமல் முலுண்டு போய்த் திரும்பியது.

எங்கள் கட்டிடத்து வண்டிகளைக் காலையில் துடைக்க ஒருவர் வருவார். கோவண்டியிலிருந்து சைக்கிளில் வருகிற ராமநாதபுரத்துக்காரர். மற்றவர்களிடம் இந்தி, என்னிடம் மட்டும் தமிழ். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தங்கச்சி என்பார். அந்தக் கோடையில் என் வண்டி மட்டும் தூசியோடு நிற்க ஆரம்பித்தது. கேட்டதற்கு என் கணவர், "சம்பளத்தக் கூட்டிக் கேக்கதுக்கு நாடகம் போடுதான். நான் பேசிக்கிடுதேன்," என்றார். பேசிக்கொண்டார். மறுநாளிலிருந்து வண்டி பளபளத்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் வேலைக்குப் போகக் கீழே இறங்கினேன். மாநகராட்சித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. என் வண்டிக்குப் பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது. அண்ணாச்சி தூணில் சாய்ந்து, கால்களை நீட்டி ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஓடிப்போய், பையை வைப்பதற்காக வண்டிக் கதவை நோக்கிக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க! தொடாதீங்க தங்கச்சி! வண்டி கடிக்குது!"

அவர் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பிளக்கைப் பிடுங்கினேன். இப்போது கடிக்காது, ஏறுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். ஆட்டோவில்தான் போனோம். வழியெல்லாம் மீதி வண்டிகளைத் துடைக்கவில்லையே, என்ன சொல்வார்களோ என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவருக்கு ஈ.சி.ஜி. நான்தான் எடுத்தேன். ஒல்லியான நெஞ்சில் எலக்ட்ரோடுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். கோடு சுத்தமாக வந்தது. டாக்டர் சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார். அப்போதுதான் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

"சார்ட்ட முன்னாடியே சொன்னேன். ஈரத்துணியோட தொட்டா இழுக்குதுன்னு. அவுக சாயங்காலமா வந்து தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லையேன்னாக. தொடைக்க முடியாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்னும் சொன்னாக. நாலு வீட்டு வண்டி போச்சுன்னா நான் என்ன செய்ய?"

தொட்டுப் பார்த்தாராம். சாயங்காலம், மோட்டார் ஓடாத நேரத்தில், காய்ந்த தரையில், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வண்டி அது.

வீட்டுக்கு வந்ததும் மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் அந்தச் சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு விரல் நீள வயர். எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் இணைத்து ஒரு குட்டிப் பாலம். அதுதான் "டைட்" பண்ணியது. எர்த் வேண்டுமா, இந்தா எர்த் என்று சார்ஜரை ஏமாற்றுகிற வேலை. கரண்ட் திரும்பிப்போகிற வயரையே வண்டியின் உடம்போடு கட்டிவிட்டிருக்கிறான். மீட்டர் அறையில் போய்ப் பார்த்தால், கட்டிடத்துக்கே பொதுவான அந்த வயரின் திருகு தளர்ந்திருந்தது. மோட்டார் ஓடும்போது அதில் ஏறுகிற கரண்ட் நேராக வண்டித் தகட்டுக்கு வந்துவிடும். மோட்டார் ஓடுவது காலையில். அண்ணாச்சி வெறுங்காலோடு ஈரத்துணி பிடித்து நிற்பதும் காலையில்.

அந்த வயர்த் துண்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கணவர் அதைப் பார்த்தார்.

"அவன் சும்மா ஒரு லூப்புன்னுதான் சொன்னான். எல்லா பில்டிங்குலயும் இப்படித்தான் பண்ணுதாங்களாம்," என்றார்.

"உங்களுக்குத் தெரியும்?"

"வண்டி சார்ஜ் ஆகணும்னு நீதான கேட்ட?"

அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. தாராவியில் குழாயடியில் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவும் வெளியே வந்தது. அவர் அட்ஜஸ்ட் செய்துகொண்டார்.

லூப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டேன், தளர்ந்த திருகையும் வேறு ஆளைக் கூப்பிட்டு இறுக்கினேன். ஆனால் எர்த்? லிஃப்ட், மோட்டார், ஒவ்வொரு வீட்டு வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எர்த்துதான். அது செத்துக் கிடக்கும்வரை மோட்டாரில் கசிகிற கரண்ட் அந்த வயர் வழியாக லிஃப்ட் கதவுக்கும் வரும், லூப் இல்லாமலே என் வண்டிக்கும் வரும். அது எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் நின்றபோது ஞாபகம் வந்தது. முன்பிருந்த வாட்ச்மேன் கோடையில் காம்பவுண்டு மூலைக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய், ஒரு இரும்பு மூடியைத் தூக்கி ஊற்றுவார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, ஊற்றச் சொல்லியிருந்தார்கள், ஊற்றினார். எங்கள் மருத்துவமனையில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அதே மாதிரி மூடிகள் உண்டு, அங்கேயும் கோடையில் தண்ணீர் விடுவார்கள். எர்த் குழி. மண் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அதனால்தான் மழையில் பச்சை, வெயிலில் சிவப்பு. தண்ணீர்ப் பஞ்சத்தில் இந்த ஆள் மண்ணில் கொட்டுகிறானே என்று கமிட்டி அந்த வாட்ச்மேனை நிறுத்தச் சொன்னது. பிறகு சொசைட்டியின் வெள்ளிவிழாவுக்கு அந்த மூலையில் கிரானைட் மேடை கட்டி, கட்டிடத்தின் பெயரையும் ஒரு பெரிய சிவப்பு இதயத்தையும் நிறுத்தி, செல்ஃபி பாயிண்ட் என்று பெயர் வைத்தார்கள். குழி அந்த இதயத்துக்கு நேர் கீழே.

சொசைட்டி செக்ரட்டரியிடம் போனேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மேடையை உடைத்துக் குழியைத் திறக்க வேண்டும் என்றேன்.

"என்னம்மா பேசறேள்? ஜெய்ப்பூர்லேர்ந்து வந்த கிரானைட் அது. இத்தனை வருஷமா இல்லாத பிராப்ளம் உங்க வண்டி வந்தப்புறம்தானே வந்துருக்கு? பேசாம இங்க யாரும் வண்டிக்குச் சார்ஜ் போடக்கூடாதுன்னு ஒரு ரூல் போட்டுடறேன். பிராப்ளம் முடிஞ்சுது."

"ஒருத்தர் சாகப் பாத்தாரு சார்."

"அவன் சொல்றான். நீங்க பாத்தேளா? உங்க ஆத்துக்காரரே தொட்டுப் பாத்து ஒண்ணுமில்லேன்னுட்டார்."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. சரி சார், ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வந்து வண்டியைப் பாருங்கள், ஒன்றுமில்லை என்றால் நீங்கள் சொன்ன ரூலுக்கு நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

வந்தார்கள். செக்ரட்டரி, கமிட்டி ஆட்கள், எலக்ட்ரீஷியன், என் கணவர். நேரம் நான்தான் குறித்திருந்தேன், மோட்டார் ஓடுகிற நேரம். தூணிலிருந்து வருகிற கேபிளை வண்டியில் செருகி வைத்திருந்தேன். அண்ணாச்சியும் வந்திருந்தார், கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்து, குச் நஹி ஹை, ஒன்றுமே இல்லை என்றான். கமிட்டிக்காரர்கள் ஆமாம் என்றார்கள். நான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வண்டியைச் சுற்றித் தரையில் கொட்டினேன்.

"சரி. ஒண்ணுமில்லைன்னு சொல்லுதவங்க செருப்பைக் கழட்டிட்டு வந்து தொடுங்க," என்றேன். இந்தியிலும் ஒருமுறை சொன்னேன், யாருக்கும் புரியவில்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான், லேஸ் கட்டியிருக்கிறது என்பதுபோல. கமிட்டியில் ஒருவருக்கு அவசரமாக போன் வந்தது. செக்ரட்டரி தனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"அவருக்கு எந்த டாக்டரும் சொல்லலை சார். அவரைத் தினமும் தொட வச்சீங்க," என்று கேட்டைக் காட்டினேன். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். கத்தியிருப்பேன்.

கடைசியாக என் கணவரைப் பார்த்தேன். அவர் ஈரத்தைப் பார்த்தார். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கான்ட்ராக்டரக் கூப்பிடுங்கோ," என்றார் செக்ரட்டரி, யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்றைக்குச் சாயங்காலமே இதயத்தை இறக்கி வைத்துவிட்டு மேடையை உடைத்தார்கள். அடியில் அதே இரும்பு மூடி. திறந்தால் குழி மண் சுண்ணாம்புப் பொடி மாதிரி காய்ந்து கிடந்தது. வாளி வாளியாக ஊற்றினோம், தண்ணீர் தேங்கவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு லிஃப்ட் கதவை வெறுங்கையால் இழுத்துப் பார்த்தேன். சுருக்கென்று இல்லை. மரக் கரண்டி இன்னும் அங்கேயே தொங்குகிறது, இன்னும் பாதிப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

மேலே வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சமையலறை மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என் சார்ஜர் கிடந்தது, சுவரில் செருகுகிற பிளக்கோடு. காலையில் அவர்கள் இறங்கி வருவதற்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வெறும் கேபிளை மட்டும் ஓட்டையில் சொருகிவிட்டு, பெட்டியைப் பூட்டியிருந்தேன். வண்டியில் கரண்டே இல்லை. பெட்டியைத் திறந்து காட்டு என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

"அப்போ காலையில வண்டில ஒண்ணுமே இல்லையா?"

"ஆளுக நிக்கையில கரண்ட்ட விட்டு வைப்பனா? நான் என்ன உங்க எலக்ட்ரீஷியனா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, அடிபட்ட குரலில், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லா?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க தைரியமாத் தொட்டிருப்பீங்க," என்றேன்.